சப் மீட்டரும் செந்தமிழும்

மாப்ளே, நேத்து டீக்கடையில நீ பேசினதக் கேட்டு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு போ. "நம்ம மண்ணுல சோறு திங்கறானுங்க, நம்ம பாஷைய மட்டும் கத்துக்க மாட்டேங்கறானுங்க"ன்னு மேசையத் தட்டின பாரு, அண்ணாவே எழுந்து வந்துட்டாரோன்னு திரும்பிப் பாத்தேன். ஒண்ணுதான் இடிச்சுது. டீ ஆத்தின ஒடிசாப் பையன் "அண்ணா, சக்கர கம்மியா?"ன்னு தமிழ்ல கேக்கறான், நீ "ஏக் சாய், ஜல்தி"ன்னு பதில் சொல்ற.

சரி, விடு. உன் பக்கமும் நாயம் இருக்கு. ஒரகடம் கூட்ரோட்டுல வழி கேட்டா நமக்கே வெளியூர் மாதிரிதான் இருக்குது. ஆனா அவன் எப்பக் கத்துக்குவான்னு யோசிச்சியா? ஓ.டி.யோட பன்னெண்டு மணி நேரம் கம்பெனியில. அங்க சூப்பர்வைசர் இந்தி, காண்ட்ராக்டர் இந்தி. திரும்பி வந்தா, சிப்காட்டுக்கு நெலம் குடுத்த காசுல நீ கட்டின லைன் வீடு. ஒரே பாயில பகல் ஷிப்டு எழுந்திருக்க, நைட் ஷிப்டு படுக்குது. பாய்க்கே ஓய்வு இல்ல, இதுல அவன் எந்த நேரத்துல ஆத்திசூடி படிக்கிறது?

டெக்சாஸ்ல இருக்கானே உன் தம்பி, அவன் கதைக்கு வா. ஞாயித்துக்கெழம புள்ளைங்களத் தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிக்கிட்டுப் போறான். பொங்கலுக்கு அடுக்குமாடி வாசல்ல கோலம். அந்தப் போட்டோவ "தமிழன் எங்கிருந்தாலும் தமிழன்"னு ஸ்டேட்டஸ்ல வச்சு என்னையும் பாக்கச் சொன்ன. பாத்தேன், சந்தோஷம்தான். அதே நீ, பீகார்ப் பொம்பளைங்க நம்ம ஏரித் தண்ணியில எறங்கி சூரியனக் கும்பிட்டா மட்டும் "கலாச்சாரம் கெட்டுப்போச்சு மாமா"ங்கற. அங்க கோலம் போட்டா பண்பாடு, இங்க கும்பிட்டா படையெடுப்பா?

2025 மார்ச் 1-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்டு இங்கிலீஷ்தான் அமெரிக்காவோட ஆட்சி மொழின்னு ஆக்கினாரே, அப்ப நீ கொதிச்ச கொதி இருக்கே! "பல பாஷக்காரன் உழைச்ச நாட்டுல ஒரே பாஷையா? ஆணவம் மாமா"ன்னு. அந்த நாட்டுலயே குடியுரிமைப் பரீட்சையில ஒரு சலுகை உண்டு தெரியுமா? அம்பது வயசத் தாண்டி, கிரீன் கார்டோட இருபது வருஷம் இருந்தவங்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை கெடையாது. நாட்டப் பத்தின கேள்விக்கு அவங்கவங்க பாஷையில பதில் சொல்லலாம். உன் சட்டம் அதவிடக் கறாரா இருக்கும்போல, வந்த வாரமே வல்லினம் மெல்லினம் கேக்குது.

எல்லாருக்கும் அந்தக் கறார் இல்லங்கறதுதான் வேடிக்கை. 1996-லேர்ந்து இருங்காட்டுக்கோட்டையில கொரியாக்காரன் இருக்கான். ஸ்ரீபெரும்புதூர்ல கொரிய எழுத்துல ஓட்டல் பலகையே தொங்குது. அன்னைக்கு இந்தி எழுத்துக்குத் தார் பூசின ஊரு இது, இதுக்கு எவனாவது தார் டப்பா தூக்கினானா? நீதான் உன் பொண்ணக் கொரியப் பாஷை வகுப்புல சேத்துவிட்டிருக்க. மானேஜரா வந்தா அவன் பாஷைய நாம கத்துக்கணும், மூட்டை தூக்க வந்தா நம்ம பாஷைய அவன் கத்துக்கணும். இத எந்தத் தொல்காப்பியத்துல படிச்ச மாப்ளே?

நம்ம ஊரு ராமானுஜரே உசுரு பொழைக்க எடம் தேடி ஒய்சள நாட்டுக்குப் போனவர்தான். மேல்கோட்டையில அவர் வழி வந்தவங்க இன்னைக்கும் வீட்டுல தமிழ் பேசறாங்க, தெருவுல கன்னடம். அந்த ஊர்க்காரர் பு.தி.நரசிம்மாச்சார், தாய்மொழி தமிழ், கன்னடத்துல பெரிய கவிஞரு. நல்லவேளை, உன்ன மாதிரி வீட்டுக்காரன் அங்க கெடைக்கல.

2023 மார்ச்சுல, வடநாட்டு ஆளுங்கள இங்க அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவி, பீகார்லேர்ந்து அதிகாரிங்களே வந்து பாத்துட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? உன் ரூம் பாதி காலி. அப்ப வாசல்ல நின்னு "பாய், மத் ஜாவோ"ன்னு கெஞ்சினது யாரு? அவ்வளவு சுத்தமா நீ இந்தி பேசி நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல.

கேரளாவுல ஒரு காரியம் பண்ணினாங்க. 2017-ல பெரும்பாவூர்ல ஆரம்பிச்சு, வெளிமாநிலத் தொழிலாளிக்கு மலையாளம் கத்துக் குடுக்க, 'சங்ஙாதி'ன்னு திட்டத்துக்குப் பேரு வச்சு, தனிப் புத்தகமே போட்டாங்க. நீயும் மொட்டமாடியில ஒரு கரும்பலகை மாட்டு, நானே வந்து அ, ஆ சொல்லித் தரேன். ஆனா சொந்த மாமன்கிற முறையில முன்கூட்டியே எச்சரிச்சுடறேன்.

உன் மூணாம் நம்பர் ரூமு ஒடிசாக்காரன் பொண்ணு இங்க அரசுப் பள்ளியில படிக்குது. 2006-ல போட்ட தமிழ் கற்றல் சட்டத்தோட புண்ணியம், அந்தப் புள்ள எழுத்துக் கூட்டி இல்ல, சரளமா வாசிக்குது. இன்னைக்குக் காலையில சப் மீட்டர் முன்னாடி நின்னு, உன் கரண்டுக் கணக்குச் சீட்டப் படிச்சு, வெரல் விட்டுக் கணக்குப் போட்டுட்டு என்கிட்ட வந்துச்சு. "தாத்தா, வீட்டு மீட்டருக்கு மொத நூறு யூனிட்டு அரசாங்கமே இலவசமாத் தருதாமே, எங்க ரூமுல மட்டும் ஏன் மொத யூனிட்டுலேர்ந்தே காசு?"ன்னு அழகான தமிழ்ல கேட்டுச்சு.

வீட்டுக்காரரக் கேளும்மான்னு அனுப்பிட்டேன். சாயங்காலம் வரும். அதுக்குத் தமிழ்லயே பதில் சொல்லணும், சொல்லிட்டேன்.