கொலைகாரனுக்கு என் வக்காலத்து

மர்ம நாவல் என்றால் முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்துவிடுவேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்கிற ஆள் நான். டாஃப்னி டு மாரியர் 1938-இல் எழுதிய 'ரெபேக்கா' என் மானத்தை வாங்கிவிட்டது. மூத்த மனைவி ரெபேக்கா சாகவே இல்லை, மாண்டர்லி மாளிகையின் மேற்குப் பக்கத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பாதிக் கதையிலேயே அடித்துச் சொன்னேன். "அது 'ஜேன் அயர்' கதை" என்றாள் மனைவி, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேய் வரும் என்று விளக்கை அணைக்காமல் படித்தேன். வந்தது மிசஸ் டான்வர்ஸ். செத்துப்போன எஜமானியின் இரவு உடையைக்கூடப் படுக்கையில் பத்திரமாக வைத்திருக்கும் வீட்டு நிர்வாகி. பேயாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பாத்திரத்தில் சோப்பு போகவில்லை என்று சொல்லத் துணியாமல், அவர் போனதும் நானே மறுபடி கழுவி வைக்கிறேன். எனக்கு டான்வர்ஸ் போதாதா?

கடைசிவரை பெயரே சொல்லப்படாத இளைய மனைவியைப் பார்த்துத்தான் நிறையச் சிரித்தேன். மாளிகைக்குள்ளிருந்தே யாரோ போனில் திருமதி டி வின்டரைக் கேட்கிறார்கள். அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறதே என்கிறாள். அந்தத் திருமதி இப்போது தான்தான் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. ஒரு பீங்கான் பொம்மையை உடைத்து, துண்டுகளை மேஜை இழுப்பறையில் ஒளித்தும் வைக்கிறாள். பழி வேலைக்காரப் பையன்மேல் விழுகிறது. அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றது. மாமியார் கொடுத்த ஊறுகாய் ஜாடி, பழைய செய்தித்தாளில் சுற்றி எங்கள் பரணில் இருக்கிறது. பழி பக்கத்து வீட்டுப் பூனைக்கு.

இதெல்லாம் சில்லறை. ரெபேக்காவைத் தான்தான் சுட்டதாகக் கணவன் மாக்ஸிம் ஒப்புக்கொள்கிறான். அவளை ஒருநாளும் காதலித்ததில்லை என்றும் சொல்கிறான். அப்பாடா என்று இளைய மனைவிக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி! சுட்டது எங்கள் இருவர் காதிலும் சரியாக விழவில்லை. விசாரணையில் அவன் தப்பிக்க வேண்டுமே என்று நகத்தைக் கடித்தேன். சிக்னலில் கோட்டைத் தாண்டி நிற்கிறவனையே சபிக்கிற நான்.

ஹிட்ச்காக் 1940-இல் இதைப் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றிப் போவதை ஹாலிவுட்டின் தணிக்கை விதி அனுமதிக்கவில்லை. அதனால் படத்தில் அவள் தவறி விழுந்து சாகிறாள். பூசி மெழுகிவிட்டார்கள் என்று நண்பர்களிடம் நக்கலடித்திருக்கிறேன். யாரைத் தப்பவிடுகிறோம் என்று அந்தத் தணிக்கைக்காரர்களுக்காவது தெரிந்திருந்தது.

நாவலின் சாமர்த்தியமே இதுதான் என்பேன். ரெபேக்கா கெட்டவள் என்பதற்குப் பெரிய சாட்சி, அவளைக் கொன்றவன். அவள் தரப்பைப் பேச டான்வர்ஸை விட்டால் ஆள் குறைவு. அவரைத்தான் நாம் முதலிலேயே வெறுத்துவிட்டோமே.

வாசகர் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லத்தான் எழுந்தேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "வர்ணனைகள் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.