கால் நனையாத மாலுமிக்கு

பேராண்டி, நீ பெரிய ஆளுடா! காபி ஆறுறதுக்குள்ள மரியானா அகழியில இறங்கி, கிட்டத்தட்ட 11,000 மீட்டர் ஆழம் பார்த்துட்டுக் கரையேறிட்டியே. பேண்ட் நுனிகூட நனையலை. நானெல்லாம் கடலுக்குப் போயிட்டு வந்தா வீடே உப்பு நாறும்.

கைநாட்டுக் கிழவன் சொல்றேன், கேட்டாக் கேளு. கூகுள் எர்த்துல சமுத்திரம் சமுத்திரமாத் தாவாதே. ஒரு இடத்துல நில்லு. சென்னைத் துறைமுகத்துக்கு வா. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கே கல்சுவர், அதுக்குத் தெற்கே பாரு. மெரினா, குதிரை ஓட்டற அளவு மணல். வடக்கே பாரு. ராயபுரம் தாண்டி எண்ணூர் வரைக்கும் கருங்கல்லு, நடுநடுவே சீப்புப் பல் மாதிரி தூண்டில் வளைவு.

ஏன்னு கேட்டா படம் வாயே திறக்காது. நான் சொல்றேன். வருஷத்துல பாதிக்கு மேல தெற்கேர்ந்து வர்ற அலை, மணலைக் கரையோரமா வடக்கே தள்ளிக்கிட்டே போகும். 1876ல வெள்ளைக்காரன் அதுக்குக் குறுக்கே சுவர் கட்ட ஆரம்பிச்சான். 1881ல புயல் வந்து பிச்சுப் போட்டுச்சு. கடல் அவ்ளோ தெளிவாச் சொல்லியும் மறுபடி கட்டினான். மணல் தெற்கிலேயே தங்கிடுச்சு. வடக்குக்குப் பட்டினி. மெரினாவுல நீங்க சுண்டல் தின்னுற மணல், நியாயப்படி எங்க குப்பத்துக்கு வந்திருக்க வேண்டியது. போகட்டும், வாடகையா கேட்டோம்?

அம்புட்டுப் பழசை உன் படம் காட்டாது. ஆனா 1984லேர்ந்து வருஷத்தை ஓட்டிக் காட்டற டைம்லாப்ஸ் அதுலயே இருக்கு, உன் தங்கச்சி காட்டினா. புதுச்சேரியை வச்சு ஓட்டு. 1980கள் கடைசியில அங்கேயும் துறைமுகச் சுவர் முளைக்குது. அதுக்கு வடக்கே ஊர்க்கரை என்ன ஆகுதுன்னு உத்துப் பாரு.

இன்னொண்ணு. நடுக்கடல்ல கருநீலம், வெளிர்நீலம்னு தீட்டியிருக்கானே, எல்லாமே அளந்து போட்டதுன்னு நம்பிடாதே. கப்பல்லேர்ந்து ஒலி அனுப்பி அளந்த கடல்தரை உலகத்துல கால்வாசிதான் தேறும். மிச்சமெல்லாம், தண்ணி மேல எங்கே லேசாப் புடைச்சிருக்குன்னு செயற்கைக்கோள் பார்த்து, அடியில மலை இருக்கும்னு போட்ட கணக்கு. 2009ல ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கடலடியில குறுக்கும் நெடுக்குமாத் தெரு தெரியுதுன்னு படத்தைக் காட்டி, முழுகிப்போன அட்லாண்டிஸ் கிடைச்சாச்சுன்னு குதிச்சாங்க. அது அளவெடுத்த கப்பல் போன தடம்னு அப்புறம் கம்பெனிக்காரனே சொல்லிட்டான். நல்லவேளை, அதுக்குள்ள நம்மாளு எவனும் அங்கே மனை போட்டு விக்கலை.

சரி, போனை மூடு. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலயும் துறைமுகச் சுவர் இருக்கு. எந்தப் பக்கம் மணல் சேரும், எந்தப் பக்கம் அரிக்கும்னு முதல்ல வாயால சொல்லு, அப்புறம் திறந்து பாரு. தப்பாச் சொன்னே, இன்னிக்கு வஞ்சிரம் உன் காசு.