தாம்பூலப் பையும் ஏர்போர்ட் லுக்கும்

சினிமா நட்சத்திரங்கள் காரிலிருந்து இறங்கி விமான நிலைய வாசல் வரை நடப்பதற்கென்றே தனியாக ஒரு உடுப்பு வகை வந்திருக்கிறது. ஏர்போர்ட் லுக் என்கிறார்கள். இதைப் படம் பிடிப்பதற்காக மும்பை விமான நிலைய வாசலில் புகைப்படக்காரர்கள் ராப்பகலாகக் காத்துக் கிடக்கிறார்கள். நடிகை இறங்குவார். தொளதொளவென்று ஒரு வெள்ளை டி-ஷர்ட், சாயம் போன ஜீன்ஸ், பாதி முகத்தை விழுங்கும் கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. எதற்கும் மெனக்கெட்ட மாதிரி தெரியக் கூடாது, அதுதான் இதில் முக்கியமான விதி. தூங்கி எழுந்து, கொடியில் கிடந்ததை உருவி மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்க வேண்டும். காலையில் பால் பாக்கெட் வாங்க நான் அப்படித்தான் போகிறேன். இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

காலேஜில் படிக்கும் என் மகள் போனை நீட்டி, "அம்மா, எனக்கு இந்த லுக் வேணும்" என்றாள்.

"இதுல லுக் எங்கடி இருக்கு?"

"அதான்மா லுக்கே."

படத்துக்குக் கீழே தலை முதல் கால் வரை ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் நடிகையின் வயதைத்தான் துப்பறிவார்கள், இப்போது செருப்பின் விலையைத் துப்பறிகிறார்கள். டி-ஷர்ட் விலைக்கு எங்கள் வீட்டுக்குப் பல மாத மளிகை வாங்கலாம். பையின் விலைக்கு மளிகைக் கடைக்கே அட்வான்ஸ் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அப்படியென்ன சுமக்கிறார் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தண்ணீர் பாட்டில் தெரிந்தது.

நட்சத்திரத்தைப் பார்த்து உடுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்துக்கே அது பரம்பரைத் தொழில். தாத்தா எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பார்த்துப் பாகவதர் கிராப் வளர்த்தவர். செலவு, தேங்காய் எண்ணெய் மட்டும். 'ஹரிதாஸ்' வந்த 1944-ல் அந்தத் தலைமுடி இல்லாத வாலிபன் வாலிபனே இல்லை என்பார். பிறகு தாத்தாவின் முடி போய்விட்டது, பேச்சு மட்டும் கடைசி வரை தோளில் புரண்டது.

அடுத்து அக்கா. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்து நதியா என்று ஒரு பெண் தமிழ்நாட்டின் பேன்ஸி ஸ்டோர்களை மொத்தமாகக் கைப்பற்றினார். நதியா கம்மல், நதியா வளையல், நதியா கிளிப். எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் சில்லறைக் காசு. தேர்த்திருவிழாக் கடையில் பேரம் பேசி வாங்கிய கம்மலை மாட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றதும் அப்பா, "கம்மலா, கதவுல மாட்டுற வளையமா?" என்று கேட்டார். அக்காவுக்கு அது பாராட்டு. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் சரியான கம்மல்தான் என்று அர்த்தம். உடுப்புக்கு டெய்லர் இருந்தார். சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் அட்டையை அக்கா காட்டப் போனால், "அதெல்லாம் வேணாம் பாப்பா, படம் ரெண்டு தடவ பாத்தாச்சு, அளவு மட்டும் குடு" என்பார். ஊரில் முதல் காட்சிக்கு டெய்லர் போனால் அது சினிமா பார்ப்பது அல்ல, அலுவல். கழுத்து எவ்வளவு இறக்கம், கையில் எத்தனை சுருக்கம் என்று இருட்டில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கதை என்ன என்று கேட்டால் தெரியாது.

1994-ல் 'காதலன்' வந்தது. தம்பி பிரபுதேவா பேண்ட் தைத்தான். ஒரு காலுக்குள் இரண்டு பேர் தாராளமாகக் குடியிருக்கலாம். எங்கள் வீட்டு வரலாற்றில் சிக்கனத்துக்கு விழுந்த ஒரே அடி அதுதான், துணி மீட்டர் கணக்கில் போனது. சைக்கிள் செயினில் சிக்கிச் சிக்கி ஒரு கால் மட்டும் நார் நாராகிவிட, மீதியில் அம்மா இரண்டு தலையணை உறை தைத்தாள். அதில் தலை வைத்துப் படுத்துத்தான் நான் பி.காம் முடித்தேன்.

என் முறை 2018-ல் வந்தது. '96' படத்தில் ஜானுவாக நடித்த த்ரிஷா, தான் வருகிற காட்சிகளில் பெரும்பாலும் ஒரே மஞ்சள் குர்தா, ஜீன்ஸில் வருவார். பள்ளிக் காதலன் ராமை ஜானு மறுபடி சந்திப்பது சென்னையில் ஒரே ராத்திரியில், மாற்றிக்கொள்ள அதிக நேரமில்லை. இப்படி நடுத்தர வர்க்கத்தின் மேல் கரிசனத்தோடு உடை அமைத்த படம் தமிழில் குறைவு. நாயகி பாட்டுக்குப் பாட்டு ஆறு உடுப்பு மாற்றினால் எதை வாங்குவது? இங்கே ஒரே ஒரு குர்தா வாங்கினால் படம் முழுவதையும் வாங்கிய கணக்கு. அந்தத் தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் எங்கே திரும்பினாலும் மஞ்சள் தொங்கியது. நானும் ஒன்று எடுத்தேன். ஆபீசில் நுழைந்ததும் கேஷியர், "என்ன ஜானு, ராம் வரலையா?" என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டு ராம் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "குக்கர் வச்சிட்டியா?" என்றார்.

கேஷியர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் என் குர்தாவுக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது. யாரைப் பார்த்துப் போட்டிருக்கிறோம் என்று எதிரில் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். அக்கா கம்மலோடு நடந்தால் கடைசி வீட்டுப் பாட்டிகூட "நதியா போறா பாரு" என்பாள். கம்மல் மூன்று ரூபாயாக இருக்கலாம், பட்டம் நதியாதான். இந்த ஏர்போர்ட் லுக்கில் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற உடுப்பைத்தான் நட்சத்திரம் போட்டுக்கொண்டு நிற்கிறார். நாம் அதைப் பார்த்துப் போட்டால், நாம் எப்போதும் போலத்தான் இருக்கிறோம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

மகளிடம் இதை விளக்கினேன். "நீ ரொம்ப யோசிக்கிற, காசு குடு" என்றாள்.

கொடுப்பதாவது! நாத்தனார் திருப்பூரில் இருக்கும்போது வெள்ளை டி-ஷர்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது குடும்பத்துக்கே அவமானம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஊரிலிருந்துதான் போகிறது. நாத்தனார் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும், எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவாள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு அது. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் என் நைட்டியைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள்.

அவளிடம் நடிகையின் படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"பாத்தனுங்க அண்ணி. துணி எரநூத்தி நாப்பது இருக்குமுங்க, கனமாத்தான் விழுகுது. ஆனா கழுத்து ரிப் அலையலையா நிக்குது பாருங்க. இடது தோள்ல தையல் ஒரு நூல் ஏறியிருக்குது. எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்டுல போட்டிருப்பனுங்க."

"அது நாற்பதாயிரம் ரூபாம்மா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எந்தக் கம்பெனிங்க அண்ணி, ஆள் எடுக்கறாங்களா?" என்றாள்.

அடுத்த வாரம் பார்சல் வந்தது. திருப்பூர் காதர்பேட்டையில் எடுத்த ஏற்றுமதி மிச்சம், நூற்றைம்பது ரூபாய். கழுத்துக்குப் பின்னால் லேபிளைக் கத்தரியால் பாதி வெட்டியிருந்தார்கள். எந்த ஊர் மகாராணிக்குப் போக வேண்டியதோ, பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. மகள் அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கூகுளில் ஆராய்ச்சி செய்தாள். தோள் தையல் முழங்கையை நோக்கிப் பாதி வழி இறங்கியிருந்தது. நான் பிடித்துத் தைக்க டெய்லரிடம் கொடுக்கப் போனேன். "ஐயோ, அதுக்குப் பேரு ட்ராப் ஷோல்டர்!" என்று பிடுங்கிக்கொண்டாள். சின்ன வயதில் அண்ணன் சட்டையை எனக்குப் போட்டுவிட்டபோது எனக்கும் தோள் அங்கேதான் இறங்கியது. பேர் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

அடுத்தது பை. உயர்ரகப் பைகளில் இப்போது துணிப்பைதான் ராஜா. பாரிஸின் டியோர் கம்பெனியின் ஒரு பை லட்சங்களில் விற்கிறது, முன்பக்கம் முழுக்கக் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். யோசித்துப் பாருங்கள். கெட்டித் துணி, இரண்டு காது, முன்பக்கம் கொட்டை எழுத்தில் பெயர். எங்கள் வீட்டுப் பரணில் இது ஐம்பதுக்குக் குறையாமல் கிடக்கிறது. இருபது வருடக் கல்யாணங்களின் தாம்பூலப் பைகள். உள்ளே இருந்த தேங்காய் அன்றைக்கே சட்னியாகிவிட்டது, பை மட்டும் சிரஞ்சீவி. மணமகன், மணமகள், மண்டபம், முகூர்த்த நேரம் உட்பட அச்சிட்டிருக்கும். பாரிஸ்காரர்களுக்கு முகூர்த்த நேரம் போடத் தோன்றவில்லை பாருங்கள். விசிறிபோல் மகள் முன் பரப்பினேன். எழுத்து மங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், "விண்டேஜ்" என்றாள். அந்தத் தம்பதிக்கு இப்போது விவாகரத்து வழக்கு நடக்கிறது. சொல்லவில்லை.

இதை நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2017-ல் பலென்சியாகா என்ற கம்பெனி 2,145 டாலருக்கு ஒரு நீலப் பை விற்றது. ஐகியா கடையில் ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த நீலப் பை மாதிரியே இருக்கிறதே என்று உலகமே சிரித்தது. கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. 2022-ல் குப்பைப் பை வடிவத்திலேயே ஒரு பை கொண்டு வந்தது, 1,790 டாலர். 2025 ஜூனில் மிலன் நகரத்து மேடையில் பிராடா கம்பெனியின் மாடல்கள் கோலாப்பூர் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நம் ஊரில் கூச்சல் கிளம்பிய பிறகுதான், ஆமாம், கோலாப்பூரைப் பார்த்துத்தான் செய்தோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. எனக்கு மனத்தாங்கல் என்னவென்றால், அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்தால் இன்ஸ்பிரேஷன், நாம் அவர்களைப் பார்த்துச் செய்தால் டூப்ளிகேட். அக்காவின் கம்மலை யாரும் டூப்ளிகேட் என்று சொன்னதில்லை. அதற்கு ஒரிஜினலும் பிளாஸ்டிக்தானே.

கண்ணாடி பாண்டி பஜார் நடைபாதையில் இருநூறு ரூபாய். ஐந்நூறில் ஆரம்பித்த கடைக்காரர், நான் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் இருநூறில் வழிக்கு வந்தார். ஜீன்ஸ் ஏற்கெனவே இருந்தது, சாயம் போவது மட்டும் பாக்கி. அந்த வேலையை எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் நன்றாகவே செய்துவிட்டது.

மகள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நின்றபோது, என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த நடிகையேதான். தோளைக்கூட அதே மாதிரி அலட்சியமாகச் சாய்த்திருந்தாள். காலேஜுக்குப் போய்ச் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் ஒரே ஒருத்தி விசாரித்தாளாம், "உடம்பு சரியில்லையா?" என்று. ஹெச்.ஓ.டி. மட்டும் அன்பாக, சீக்கிரம் வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாராம். அத்தோடு ஏர்போர்ட் லுக் அலமாரிக்குப் போனது. இப்போது அவளுக்குக் கொரியாக்காரர்கள் யாரோ கிடைத்திருக்கிறார்கள். பேச்சு வார்த்தை நடக்கிறது.

காசு போட்டவள் சும்மா இருப்பாளா? திருச்சியில் ஒரு கிரகப்பிரவேசம். பட்டுப்புடவையைத் தாம்பூலப் பையில் வைத்தேன். வழிக்கு டி-ஷர்ட், ஜீன்ஸ், கறுப்புக் கண்ணாடி என்று நானே இறங்கிவிட்டேன். விமானம் எதற்கு, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போதும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் விமான நிலையத்தில் நடப்பதற்குக் குறைவில்லை, மேலே கூரையும் அந்த உயரம்தான். தோளைச் சாய்த்து, யாரையும் பார்க்காமல், மெனக்கெடாத மாதிரி மெனக்கெட்டு நடந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. எனக்கே கொஞ்சம் மிதப்பாகிவிட்டது.

பஸ் படியில் கால் வைத்ததும் ஒரு பையன் ஓடி வந்து கையைப் பிடித்து ஏற்றினான். உள்ளே முன் சீட்டில் இருந்தவர் அவசரமாக எழுந்து பின்னால் போனார். கண்டக்டர், "ஜன்னல் ஓரம் வேணாம்மா, தூசி அடிக்கும், இந்தப் பக்கம் உக்காருங்க" என்றார். இத்தனை வருட பஸ் பயணத்தில் இப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை. பக்கத்து சீட் அம்மாள் என் கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டு தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு, குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"புரை ஆபரேஷனா? எந்தக் கண்ணும்மா?"

எழுந்து போனவர் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

"ரெண்டும்தாங்க" என்றேன்.