பழைய பையை எங்கே வாங்குவது, ஆணையாளர் அவர்களே?

ஆணையாளர்,
போட்டிப் பணியகம்,
கற்றினோ, கியூபெக்.

கனம் ஐயா / அம்மணி,

பூனைத் தீனி பற்றிய முறைப்பாட்டை அஜக்ஸ்காரர் எதற்காக எங்களுக்கு அனுப்புகிறார் என்று உங்கள் எழுதுவினைஞர் தலையைச் சொறியக்கூடும். நானும் உணவுப் பரிசோதனை முகவரகத்துக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பூனைத் தீனி விடயத்தில் அவர்களுடைய கவலை இறக்குமதியும் மாட்டு நோயும்தான். பொதியிடல் சட்டத்தைப் புரட்டினால், உணவென்பது மனிதர் சாப்பிடுவது மட்டும். எங்கள் வெள்ளையன் சாப்பிடுவது சவர்க்காரம், மின்குமிழ் வரிசையில் வரும் வெறும் 'பொருள்'. ஆகவே அவனுடைய வயிறு உங்கள் மேசைக்கு வருகிறது.

விடயம் இதுதான். வெள்ளையன் குட்டியாக வந்த காலந்தொட்டு ஒரே உலர்தீனிதான். போன மாதமும் அதே கடையில், அதே பச்சைப் பையைத்தான் தூக்கி வந்தோம். மூலையில் மட்டும் கட்டைவிரல் நகமளவுக்கு மஞ்சள் நட்சத்திரம்: 'புதிய, மேம்பட்ட சுவை'. அன்றிரவே மாடிப்படிக் கார்பெட்டில் சத்தி. விடியப் போய் மண்பெட்டியைப் பார்த்தால், அதை உங்களுக்கு விவரிக்காமல் விடுவதே மரியாதை. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "பச்சைப்பிள்ளைக்குப் பால்மா மாத்தினாலும் வயித்தாலை போறதுதானே, அதுக்கேன் இந்தக் கத்துக் கத்துறாய்?" என்றா. சொன்னதோடு நில்லாமல் கிண்ணத்தில் பாலும் வார்க்கப் போனா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது என்று சொல்லித் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அம்மாவின் பால்மாக் கணக்கைத்தான் மிருக வைத்தியர்களும் சொல்கிறார்கள். பூனையின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பழகிய தீனிக்குத் தக்கபடி அமைந்தவை. புரதமும் கொழுப்பும் நாரும் ஒரே இரவில் மாறினால் அவை திண்டாடிப்போகும். அதனால் மாற்றத்துக்கு 7 முதல் 10 நாள் கொடுக்க வேண்டும். முதல் 2, 3 நாளுக்குப் புதியது கால், பழையது முக்கால். பிறகு பாதிக்குப் பாதி. அதன்பின் புதியது முக்கால், கடைசியில்தான் முழுவதும். இடையில் மலம் இளகினால் முந்திய பங்குக்கே திரும்பி, இறுகும்வரை அங்கேயே நிற்க வேண்டும். வயிறு நொய்ந்த பூனைக்கு இரண்டு மூன்று கிழமைகூட ஆகலாம். இந்த அறிவுரையில் பாதி அந்தப் பச்சைப் பையின் முதுகிலேயே இருக்கிறது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்: 'பழைய தீனியோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுக்கவும்.'

பழைய தீனியை எங்கே போய் வாங்குவது ஐயா? ஹாவூட் அவெனியூவில் தேடினேன். பிக்கரிங்கில் தேடினேன். ஸ்காபரோவில் கடைத் தட்டின் அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினேன். எல்லாப் பையிலும் நட்சத்திரம். வேறு கம்பனித் தீனியை விட்டுத் தங்களிடம் வரும் பூனைக்கு இந்தக் கம்பனிக்காரர் கொடுப்பது பத்து நாள் தவணை. குட்டியிலிருந்து தங்களையே நம்பிச் சாப்பிட்ட பூனைக்கு ஒரு இரவு.

என்ன மாறியது என்று பையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் உங்கள் சட்டத்தின் பெருந்தன்மை தெரிகிறது. பையில் அது கட்டாயமாகக் கேட்பவை மூன்று: பொருள் இன்னதென்ற பெயர், நிறை, விற்பவரின் பெயரும் இடமும். உள்ளே கோழி கூடவா சோளம் கூடவா என்ற பட்டியலை எப்படிப் போடுவதென்று 2001இல் வந்த வழிகாட்டியில் அழகாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வழிகாட்டி விரும்பினால் பின்பற்றுவதற்கு. அமெரிக்காவில் பட்டியல் போடுவது சட்டம். பையில் பொய் எழுதினால் இங்கேயும் குற்றம்தான். எழுதாமலே விட்டால் பாதகமில்லை.

இதெல்லாம் பூனைக்காரரின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். 2007 மார்ச் 16 அன்று, மிசிசாகாவின் ஸ்ட்ரீட்ஸ்வில்லைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு ஃபூட்ஸ் தன் ஈரத்தீனியைத் திருப்பியழைத்தது. 6 கோடிக்கும் அதிகமான டின்களும் பொதிகளும். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் இருந்தது. அது சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து பூனை நாய்களின் சிறுநீரகத்தில் பளிங்காய்ப் படிந்தது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் இரண்டையும் பூனையின் சிறுநீரில் கலந்து, பளிங்கு உருவாவதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் பையில் கட்டாயமான அந்த மூன்று மூன்றாகவே இருக்கிறது.

உங்களுக்கு வல்லமை இல்லை என்று சொல்லமாட்டேன். கூடிப் பேசிப் பாண் விலையை ஏற்றிய வழக்கில் 2023இல் கனடா பிரெட் கம்பனி 5 கோடி டொலர் தண்டம் கட்டியது உங்கள் விசாரணையால்தான். அதே விவகாரத்தில் 2018இல் லோப்லா கடைக்காரர் வாடிக்கையாளருக்கு 25 டொலர் அட்டை கொடுத்தபோது, எங்கள் பக்கத்தில் இடியப்பம் தவிர வேறொன்றும் தொடாதவர்களும் விண்ணப்பம் போட்டார்கள். வெள்ளையன் அட்டை கேட்கவில்லை. கலவை மாறினால், மாறிய மாதத்தைப் பையின் முகத்தில் பெரிய எழுத்தில் போடட்டும். புதிய பையோடு பழையதில் சிறு பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் கட்டட்டும். இவ்வளவுதான்.

அதுவரைக்கும் நாங்கள் சமாளிக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பலவேளை வைக்கிறோம். இனிமேல் எந்தப் பை வாங்கினாலும் கால்வாசி இருக்கும்போதே அடுத்ததை வாங்கி, நட்சத்திரம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வீட்டுச் சட்டம். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே வினையாகும் என்று அவருக்கு விளங்கப்படுத்தியாயிற்று.

சட்டத்தை மாற்ற வசதிப்படாவிட்டால் வெள்ளையனைப் பரிசோதகராக நியமியுங்கள். கலவை மாறியதை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்துக் கார்பெட்டில் அறிக்கை சமர்ப்பித்தவன் அவன்தான். இரண்டு அரசகரும மொழிகளும் தெரியாது. மற்றத் தகுதிகள் எல்லாம் உண்டு.

இப்படிக்கு,
வெள்ளையனின் வீட்டார்,
அஜக்ஸ், ஒன்ராறியோ.

பி.கு.: கார்பெட் கழுவிய பற்றுச்சீட்டை இணைத்துள்ளேன். மாதிரியும் தேவையென்றால் தபாற்கந்தோரில் அனுமதி வாங்கித் தாருங்கள். உறைகுளிரில் பத்திரமாக இருக்கிறது.