சாவுப் பந்தயத்தில் டிசம்பர் 31-இன் இடம்: ஓர் ஆய்வு

பிறர் சாவுக்கு நாள் குறிப்பது அநாகரிகம் என்பது உலக வழக்கு. அதையே பட்டியல் போட்டு, புள்ளி கொடுத்து, வருஷா வருஷம் செய்தால் விளையாட்டாகிவிடுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பலர் ஆடும் இந்தப் பந்தயத்துக்கு முனைவர் பட்டம் தரும் பல்கலைக்கழகம் எதுவும் என் கண்ணில் படாததால், இவ்வாய்வு நெறியாளர் இன்றியே நிகழ்த்தப்படுகிறது.

விதிகள் எளியவை. ஆண்டு பிறக்குமுன் பத்தோ இருபதோ பிரபலங்களின் பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர்களில் யாராவது அந்த ஆண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் புள்ளி. பரவலான கணக்கு, நூறில் வயதைக் கழித்த மிச்சம்: தொண்ணூறில் போனவருக்குப் பத்து, ஐம்பதில் போனவருக்கு ஐம்பது. ஆடுபவர் தாமே ஆளைத் தீர்த்துக்கட்டிப் புள்ளி சேர்க்கலாகாது என்றும் சில இடங்களில் விதி உண்டு. இதை எழுதிவைக்க நேர்ந்தது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

அற்றேல், இஃது இக்காலத்தார் கண்டுபிடித்த கேடு எனின், அன்று. போப்பாண்டவர் தேர்தலின் மேலும் அவருடைய பதவிக்காலத்தின் மேலும் பந்தயம் கட்டுவோருக்குச் சபை நீக்கம் என்று பதினான்காம் கிரகோரி 1591 மார்ச்சில் ஆணையிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அவரே காலமானார். பதவியில் இருந்தது பத்து மாதம். குறைந்த காலத்துக்குக் கட்டியிருந்தவன் ஜெயித்திருப்பான். பணத்தை வாய்விட்டுக் கேட்டிருக்கத்தான் முடியாது. முன்பின் தெரியாதவர் பேரில் ஆயுள் காப்பீடு எடுத்துவிட்டு அவர் எப்போது போவார் என்று காத்திருந்த லண்டன்காரர்களை, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1774-இல் சட்டம் போட்டுத்தான் அடக்கியது.

இனி ஆய்வின் மையக் கருதுகோள்: யார் சாவார் என்று சொல்வது எளிது, எல்லோரும்தான். எந்த ஆண்டில் என்பதில்தான் ஆட்டக்காரர் மண்ணைக் கவ்வுகிறார்.

முதற்சான்று, நடிகை பெட்டி ஒயிட். 2022 ஜனவரி 17 அன்று அவருக்கு நூறு வயது நிறைய வேண்டும். பீப்பிள் இதழ் அதைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டு, இதழும் கடைக்கு வந்துவிட்டது. 2021 டிசம்பர் 31 அன்று அம்மையார் காலமானார். 2021 பட்டியலில் எழுதியவருக்கு ஒரே ஒரு புள்ளி. 2022 பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புத்தாண்டு விருந்துக்குக் கிளம்பியவருக்கு, ஆட்டம் தொடங்குமுன்பே ஓர் இடம் காலி.

இரண்டாம் சான்று இன்னும் கொடிது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில், மருத்துவமனை போதும் என்று வீட்டிலேயே அந்திமப் பராமரிப்புக்கு மாறினார். அந்த ஆண்டைக் கடந்தார். 2024 அக்டோபரில் நூறைத் தொட்டு, தபாலில் ஓட்டும் போட்டார். டிசம்பர் 29 அன்று மறைந்தார். ஆண்டு முடிய இரண்டே நாள் இருக்க, புள்ளி விழுந்ததே என்று ஆட்டக்காரர் பெருமூச்சு விட்டிருக்கலாம். கறாரான கணக்கில் நூறில் நூறு போக மிச்சம் பூஜ்யம்.

செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள் நம் பாட்டிமார். ‘காட்ஃபாதர்’ நடிகர் ஏப் விகோடாவை 1982-இல் அதே பீப்பிள் இதழ் ‘மறைந்த’ என்று அச்சிட்டது. மனிதர் சவப்பெட்டியில் எழுந்து உட்கார்ந்து, அந்த இதழைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். 2016 வரை இருந்தார்.

ஒன்று மட்டும் வேடிக்கையில் சேராது. இளவயதுக்குப் புள்ளி அதிகம் என்பதால், ஜெயிக்க நினைப்பவர் கண் குடியிலும் போதையிலும் தடுமாறும் இளம் பாடகர்கள் மேல்தான் போகும். கிழவர்களைக் குறிவைப்பதை ஜோதிடம் என்று மன்னிக்கலாம், இதை முடியாது.

வாசகர்கள் அஞ்ச வேண்டாம். பேர்பெற்ற ஊடகத்தில் இரங்கல் செய்தி வந்தால்தான் சாவு செல்லும் என்பது பொதுவாக எங்கும் உள்ள விதி. உங்கள் பெயரையோ என் பெயரையோ எழுதி எவரும் ஒரு புள்ளிகூடத் தேற்ற முடியாது.