ஐந்தாவது பாலத்தில் திருவையாறு

கேள்வி: முதல்முறை போகிறவருக்குத் திருவையாறு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

பதில்: பாலங்களை எண்ணினால் போதும். தஞ்சாவூரிலிருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என நான்கு ஆறுகளைத் தாண்டியபின் ஐந்தாவதாகக் காவிரி. அதன் வடகரையில் ஊர். ரயில் கிடையாது, தஞ்சாவூரில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும்.

கேள்வி: ஆற்றில் தண்ணீர் எப்போது இருக்கும்?

பதில்: மேட்டூர் அணை திறந்தால் இருக்கும். வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பு குறைந்தால் திறப்பு தள்ளிப்போகும். ஆடிப்பெருக்கன்று தண்ணீர் ஓடினால் படித்துறை கொள்ளாது: காப்பரிசி, காதோலை கருகமணி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

கேள்வி: ஆற்றில் குதிக்கலாமா?

பதில்: குதிக்க வேண்டாம், படித்துறையில் இறங்கி முங்கலாம். மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. உள்ளூர்க்காரர் இறங்காத இடத்தில் வெளியூர்க்காரருக்கு வேலையில்லை.

கேள்வி: ராகம் தெரியாதவருக்குத் தியாகராஜ ஆராதனையில் என்ன வேலை?

பதில்: கேட்கிற வேலை. தியாகராஜர் (1767–1847) மறைந்த புஷ்ய பகுள பஞ்சமியன்று காலை, நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை அவருடைய பஞ்சரத்தின கீர்த்தனைகளை வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து சேர்ந்து பாடுவார்கள். இங்கே உள்ள அவருடைய சமாதிக்கு 1920களில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்களும் அங்கே பாட வேண்டும் என்று போராடியவரும் அவரே. சமாதியை நோக்கியபடி அவர் சிலை இருக்கிறது. வருகிறவர்கள் அங்கும் ஒரு நிமிடம் நிற்பது நியாயம்.

கேள்வி: தண்ணீர் வற்றிய கோடையில் போனால் ஏமாற்றமா?

பதில்: இல்லை, அதுதான் ஏழூர்ப் பல்லக்கின் காலம். ஊர்க்கோயில் சிவனான ஐயாறப்பர் பல்லக்கில் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் சென்று திரும்புவார். முடிவில் கூடி நிற்கும் ஏழூர்ப் பல்லக்குகள்மேல் ஒரு பொம்மை பூப்போடும். அதைப் பார்க்கக் குழந்தைகளை விட வேகமாகப் பெரியவர்களே அடுத்தவர் தோள்மேல் ஏறாத குறை.

கேள்வி: அசோகா வாங்காமல் திரும்பலாமா?

பதில்: சட்டம் தடுக்காது, வீட்டில்தான் விசாரணை நடக்கும். வெந்து குழைந்த பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் சேர்ந்து இலையில் வழுக்கும் பண்டம் அது. சூடாகச் சாப்பிடுவதே சரி.

கேள்வி: ஓய்வு பெற்றபின் குடியேறலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஊர் நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால் மூன்றையும் நம்பியிருக்கிறது. மூன்றும் ஆற்றை நம்பியிருக்கின்றன. தண்ணீர் வராத வருடம் கடைத்தெருவிலும் வியாபாரம் மந்தம். பெரிய வைத்தியத்துக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். கரையோரம் மனை வாங்குகிறவர் முன்பணம் தருமுன் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்து, அது ஆற்றுப் புறம்போக்கு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.