எந்தச் சாம்பல்?

மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போனால் மேசைமேல் இருக்கும் குட்டிப் போர்க்கப்பலைப் பார்த்து, மரியாதைக்குக்கூட "சாம்பல் கலர் நல்லா இருக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். "எந்தச் சாம்பல்?" என்பார்கள். அன்றைய சாயங்காலம் அத்தோடு போச்சு.

நான் யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்கு, எம்டன் கட்டும் மாமனார் என்று வைத்துக்கொள்வோமே. முதல் உலகப் போர்க்காலத்து 118 மீட்டர் ஜெர்மன் போர்க்கப்பல், 350-இல் ஒரு பங்காகச் சுருங்கி 34 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்காக நம் வீட்டில் குடியிருக்கிறது. ஒட்டுகிற வேலை எப்போதோ முடிந்தது. நிறம்தான் முடியவில்லை.

சன்னல் ஓரமாக வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்கள் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் குழியிலும் ஒரு சாம்பல், காம்பில் மார்க்கரால் ஓர் எண்.

"எட்டைப் பாருங்க மாப்பிள்ளை. லேசா நீலம் ஓடுதா?"

"ஓடுது மாமா."

"அது ஏழு."

அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் கருப்பு வெள்ளை. கப்பலோ 1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலிடம் அடிவாங்கிக் கோக்கோஸ் தீவுப் பவளப்பாறையில் ஏறிவிட்டது. தப்பென்று சொல்ல ஆளில்லையே என்று நாமாக இருந்தால் நிம்மதியாக அடித்துவிட்டுப் போவோம். இவருக்கு அதனாலேயே தூக்கம் வருவதில்லை. போதாக்குறைக்கு இன்னொரு சித்தாந்தம்: தூரத்துப் பொருள் வெளுத்துத் தெரியும், குட்டிக் கப்பலைப் பார்ப்பது பெரிய கப்பலைத் தூரத்தில் பார்ப்பது மாதிரி, ஆகவே கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். எவ்வளவு கொஞ்சம்? வாங்கு இன்னொரு பாக்கெட் ஸ்பூன்.

போருக்கு முன் சீனக் கடலோரம் வெள்ளை நிறத்தில்தானே இருந்தது, அதையே அடித்துவிடலாமே என்று ஒருநாள் வாய்விட்டேன். "மெட்ராஸ்ல குண்டு போட்டப்ப வெள்ளையாவா இருந்துச்சு?" என்று கேட்டார், பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைக் கொளுத்தியதே நான்தான் என்கிற மாதிரி. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பது மணிக்குமேல் வந்த கப்பல். கடற்கரையில் நின்றவனுக்கே நிறம் தெரிந்திருக்காது. இதை நான் சொல்லவில்லை. அவர் மகளோடு குடும்பம் நடத்த வேண்டியவன்.

மூன்று புகைபோக்கிக் கப்பல் அது. ஆங்கிலேயரின் யார்மத் கப்பல் என்று நம்பவைக்க, துணியும் மரமுமாக நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டித்தான் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். அந்தத் துணிக்குத் தனிச் சாம்பலாம்.

கைவேலையைக் குறை சொல்ல முடியாது. பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுப்பார். முடியைவிட மெல்லிசாக இழை வரும். அதை வெட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் ஒட்டுவார். மாத்திரை உறையைக் கிழிக்கையில் நடுங்கும் விரல் அப்போது நடுங்காது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அதற்காக மே மாதத்தில் ஃபேனை நிறுத்துவதா? கப்பலின் குட்டிப் பித்தளைக் கைப்பிடி பறந்துவிடுமாம், ஈரப் பெயின்ட்டில் தூசி ஒட்டுமாம். சாப்பாட்டு மேசை அவருக்கு. நாங்கள் தரையில் உட்கார்ந்து, வியர்வை சொட்ட, தின்னர் வாடையோடு ரசஞ்சாதம் சாப்பிடுகிறோம். வாய் திறந்து கேட்டால், "இன்னும் ஒரே ஒரு கோட்டுதான்."

அடுத்தது சிட்னியாம். எம்டனைவிட நீளமான கப்பல். ஆபீஸிலிருந்து வரும்போது ஸ்பூன் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.